காயம்பட்டவர்களின் பட்டியல்

உக்காருங்க தம்பி. அங்க இல்ல, இந்த நாற்காலியில. ஜன்னல் பக்கம் உக்காந்தா உங்க நிழல் மேசையில விழும், எனக்கு ஆகாது. கை கழுவிட்டீங்கல்ல? சோப்புப் போட்டு? நல்லாத் துடைச்சீங்களா? ஈரக்கையோட என் பேப்பரைத் தொட்ட ஒரு காலேஜ் வாத்தியாரை இதே ரூம்ல இருந்து கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கேன். வாசப்படியில விழுந்து முழங்காலு பேந்துபோச்சு அந்தாளுக்கு. நீங்க பயப்படாதீங்க. நான் கை நீட்டுற ஆள் இல்ல. பேப்பர் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான்.

மெட்ராஸ்ல உங்க மியூசியத்துல யாரோ சொல்லித்தானே வந்தீங்க? பசுமலையில ரத்தினசாமின்னு ஒரு கிழவன்கிட்ட அமெரிக்காக்காரன் உள்நாட்டுச் சண்டைப் பேப்பர் ஒரிஜினல் இருக்குன்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாப்பத்தி மூணு பேப்பர், ஒரு ஒத்தைத் தாள். ஆயிரத்தி எண்ணூத்தி அறுபத்தொண்ணுல இருந்து அறுபத்தஞ்சு வரைக்கும். அந்தத் தேதியில, அந்த ஊருல, ரத்தம் காயறதுக்கு முன்ன அச்சடிச்சது. பின்னால ஞாபகார்த்தம்னு அடிச்சு வித்த காப்பி ஒண்ணுகூட இங்க கிடையாது.

அமெரிக்காப் பேப்பர் மதுரைக்கு எப்படி வந்துச்சும்பீங்க. எல்லாரும் கேக்குறதுதான். நம்ம பக்கம் வந்த மிஷனரிங்க நெறையப் பேரு அமெரிக்காக்காரங்க. அங்க சண்டை மூண்டதும் சொந்தக்காரங்க கப்பல்ல பேப்பர் அனுப்புவாங்க. நாலு மாசம், அஞ்சு மாசம் கழிச்சு வந்து சேரும். கூடப்பொறந்தவன் உயிரோட இருக்கானா செத்தானான்னு திண்டுக்கல் வெயில்ல உக்காந்து அஞ்சு மாசத்துப் பழைய பேப்பர்ல தேடியிருக்காங்க. தேடி முடிச்சிட்டுப் பெட்டியில போட்டாங்க. அந்தப் பெட்டிங்களைத்தான் நான் தேடினேன், இருபத்தெட்டு வருஷமா.

நான் மில்லுல பஞ்சு செலக்டர். பஞ்சுப் பொதி, அதான் பேல், அதைக் கிழிச்சு ஒரு கொத்து உருவி, ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல இழுத்துப் பார்த்து, இது என்ன நீளம், எந்த மண்ணு, தண்ணி தெளிச்சு ஏமாத்தியிருக்கானான்னு சொல்றவன். என் விரலை ஒருத்தனும் ஏமாத்தினது இல்ல. அதே விரல்தான் பேப்பருக்கும். இந்த ஓரத்தைத் தொடுங்க. மெதுவா. எவ்வளவு வெள்ளையா இருக்கு பார்த்தீங்களா? நூத்தி அறுபது வருஷத்துப் பேப்பர் மஞ்சளா இருக்கும், தொட்டா அப்பளமா நொறுங்கும்னுதானே நெனச்சு வந்தீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. அந்தக் காலத்துல காகிதம் கந்தத்துணியில செஞ்சான் தம்பி. பழைய சட்டை, கிழிஞ்ச பெட்ஷீட்டு எல்லாத்தையும் ஊறப்போட்டுக் கூழாக்கிக் காகிதமாக்கினான். மரத்துல செஞ்சது பின்னால வந்தது. அதுதான் முப்பது வருஷத்துல மஞ்சளாயிரும். ஆக, வெள்ளையா இருக்கிறது பழசு, மஞ்சளா இருக்கிறது புதுசு. இது தொழில் ரகசியம். உங்ககிட்டச் சொல்றேன்னா, நீங்க இதைச் சேர்க்கிற ஆளு இல்ல.

இந்தப் பக்கத்தைப் பாருங்க. இங்கிலீஷ் உங்களுக்கு வரும், இருந்தாலும் நான் சொல்றேன். ஒரு ஆப்பிள் தோட்டத்துல சண்டை. காலையில முந்நூறு பேரு வரிசையில நின்னாங்க. மத்தியானம் பேரு கூப்பிட்டப்ப உள்ளேன்னு சொன்னவன் நாப்பத்தொரு பேரு. ஒரு மாதாகோயிலை ஆஸ்பத்திரி ஆக்கி, அறுத்துப் போட்ட கையும் காலும் ஜன்னல் உசரத்துக்கு வெளியில கெடந்துச்சாம். ஒரு சிப்பாய், வெட்டுப்பட்டுத் தொங்குற கையை இன்னொரு கையில ஏந்திக்கிட்டு ரெண்டு மைலு நடந்து டாக்டர்கிட்ட வந்தானாம். இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கண்ணைத் தொடைச்சுக்குவேன். யாரு பெத்த புள்ளையோ. அவன் பேரு தெரியும் எனக்கு, ஊரு தெரியும், பட்டாள நம்பர் தெரியும். ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜெபத்துல அவனையும் சேத்துக்குவேன்.

இந்தத் தேட்டத்துல எனக்குப் போட்டி ஒரே ஆளு, பாளையங்கோட்டைக்காரர், ரிட்டயர்டு புரொபசர். ஒரு பங்களாச் சாமான் ஏலத்துல நான் பார்த்து வச்ச பெட்டிக்குக் குறுக்க விலை கேட்டார். சட்டையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. சுவத்துல வாய் இடிச்சு ஒரு பல்லு விழுந்துருச்சு. அந்தப் பல்லு ஏற்கனவே ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும், அந்த வயசுல. அதுக்கப்புறம் அவர் ஆள் வச்சுத் தேட ஆரம்பிச்சார். அதனாலதான் நான் யாருகிட்டயும் வாயைத் திறக்கிறது இல்லைன்னு முடிவு பண்ணேன். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால நடந்த எல்லாத்துக்கும் அந்தப் பாளையங்கோட்டைக்காரர்தான் காரணம்.

இனிமே எபநேசர் கதையைச் சொல்லணும். என் தங்கச்சி லீதியாள், கூடப்பொறந்தவ அவ ஒருத்திதான். அவ புருஷன் எபநேசர். கொடைக்கானல் ரூட்ல பஸ் ஓட்டினான். பதினாலு வருஷம் அந்த மலையில ஓட்டி ஒரு கோழி மேலகூட ஏத்தினது இல்ல. வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்புறதைப் பார்த்தா, தூங்குற புள்ளையைப் புரட்டிப் போடுற மாதிரி இருக்கும். லீதியாளுக்கு அதுல அப்படி ஒரு பெருமை. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நல்ல மாப்பிள்ளைதான். கொஞ்சம் விவரம் பத்தாது, யாரு என்ன கேட்டாலும் சொல்லிருவான்.

பத்தொன்பது வருஷம் முன்ன, புரட்டாசி கடைசியில ஒரு நாள் வந்தான். மலை மேல உள்ள தள்ளி ஒரு பழைய மிஷன் பங்களா, வெள்ளைக்காரங்க போயி அம்பது வருஷம் ஆச்சு. காவலுக்கு நாச்சம்மான்னு ஒரு விதவை. அது எபநேசர் பஸ்ஸுலதான் அரிசி பருப்பு ஏத்திக்கிட்டுப் போகும். அது சொல்லியிருக்கு, பரண்ல ஒரு தகரப்பெட்டி நெறைய இங்கிலீஷ் பேப்பர் கெடக்குன்னு. குதிரைப் படம், பீரங்கிப் படம் போட்ட பேப்பருன்னு. எபநேசர் இதைச் சொல்லி வாயை மூடல தம்பி, நான் காலண்டரை எடுத்துச் சனிக்கிழமையைச் சுழிச்சுட்டேன்.

நான் சொல்லியனுப்பினது ஒண்ணே ஒண்ணு. பழைய பேப்பர்ல ஒரு தாளைக்கூட யாரும் தொடக்கூடாது, சனிக்கிழமை நானே வர்றேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு. அவன் கேட்டான், "பழசு எப்படி இருக்கும் மச்சான்? ஒரு அடையாளம் சொல்லுங்க, நானே ஒதுக்கி வச்சுட்டு வந்துர்றேன்." எனக்கு எரிச்சல் வந்துருச்சு. உன் வேலை சொல்றது மட்டும், மத்தது எனக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற எப்படிச் சொல்றது? பாளையங்கோட்டைக்காரரும் அந்த பஸ்ல போற ஆளுதான். இவன்கிட்ட அடையாளம் சொன்னா அன்னிக்கே அது பாளையங்கோட்டைக்குப் போயிரும்.

சனிக்கிழமை போக முடியல. வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பிடிச்சு மலை சரிஞ்சு ரோடு அடைச்சுருச்சு. பதினோரு நாள். நான் இங்க இருக்கேன், பெட்டி அங்க இருக்கு. சோறு எறங்கல. அஞ்சாவது நாள் என் சம்சாரம் காப்பி டம்ளரைக் கொண்டாந்து மேசையில வச்சா, ஒரு சொட்டு சிந்திருச்சு, இந்தா, இந்தப் பேப்பருக்கு ரெண்டு விரக்கடை தள்ளி. டம்ளரை எடுத்து வீசிட்டேன். நெத்தியில மூணு தையல். விளிம்பு அப்படிக் கூரா இருந்துச்சு, அந்தப் பாத்திரக் கடைக்காரனைத்தான் சொல்லணும். அவ இப்ப கோயம்புத்தூர்ல மக வீட்டுல இருக்கா. பேப்பர் தூசி ஒத்துக்கலையாம்.

பன்னெண்டாம் நாள் சின்ன வண்டி மட்டும் விட்டாங்க. எபநேசர் லீவு போட்டு யாருகிட்டயோ ஜீப் இரவல் வாங்கிட்டு விடியக்காலம் வந்து நின்னான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வழியெல்லாம் சேறு, பாறை. ஒரு இடத்துல ரோடு பாதிதான் இருந்துச்சு, அதுலயும் ஓட்டினான். எனக்காகத்தான் செஞ்சான், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

நாச்சம்மா வாசல்லயே நின்னுச்சு. வயசு அறுபது இருக்கும். சிரிச்ச முகம். "நீங்க சொன்னபடி ஒரு தாளு தொடலைங்கய்யா"ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போச்சு. எண்ணெய்த் துணியில சுத்தி, அடுப்பங்கரைச் சூட்டுல, ஈரம் படாம வச்சிருந்துச்சு ஒரு கட்டு. பதினோரு நாளும் அது பக்கத்துலயே படுத்திருக்கு, கூரை ஒழுகினா நனைஞ்சிரும்னு. நான் முடிச்சை அவுத்தேன்.

எல்லாம் மஞ்சள். ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தொண்ணு. முப்பத்தி நாலு. சபைப் பத்திரிகை, விதை விளம்பரம். தொட்டா பொடிப்பொடியா உதிருது. எதுக்கும் ஆகாத குப்பை.

மத்ததெல்லாம் எங்கன்னு கேட்டேன். அது சொல்லிச்சு தம்பி, இன்னும் காதுல இருக்கு, "அது புதுசுங்கய்யா. வெள்ளை வெளேர்னு துணியாட்டம், கிழிக்கவே வரல. மழைக்கு வேலை இல்லாம சும்மாதானே இருக்கோம்னு கூழுக்குப் போட்டேன்."

கூழுன்னா தெரியுமா உங்களுக்கு? காகிதக்கூழ். பழைய பேப்பரைத் தண்ணியில ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லுல ஆட்டி, கவுத்த பானை மேல அப்பிக் காய வச்சா கூடை. உங்க வீட்டுலயும் செஞ்சிருப்பாங்க. வரிசையா காய வச்சிருந்துச்சு. ஏழு கூடை. எத்தனை சண்டை, எத்தனை ஆயிரம் செத்தவன், எல்லாம் வெந்தய வாசத்தோட ஏழு கூடையா உக்காந்திருக்கு. அதுல நல்லதா ஒண்ணை எடுத்து எபநேசர்கிட்ட நீட்டுது, உங்க சம்சாரத்துக்குக் குடுங்க டிரைவர் தம்பின்னு.

ஆட்டுக்கல்லுல பாதி ஆட்டினது கெடந்துச்சு. பக்கத்துல தொட்டியில கடைசித் தாளுங்க ஊறிக்கிட்டிருக்கு. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அந்தம்மா தலைமயிரைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினேன். ஆட்டுக்கல்லு மேல போயி விழுந்துச்சு. வெறகுக் கட்டைப் பக்கத்துல அருவா கெடந்துச்சு, எடுத்தேன். எந்தக் கை ஆட்டுச்சோ அந்தக் கை இருக்கக்கூடாதுன்னு சொன்னேன். வாயாலதான் சொன்னேன். அது கல்லைப் பிடிச்சு எந்திரிக்கப் பார்க்குது, கை கல்லு மேல இருக்கு. நான் பயமுறுத்தத்தான் ஓங்கினேன். ஓங்கின அருவாளைப் பாதியில நிறுத்த முடியுமா? பஞ்சு பேல் கட்டைக் கத்தியால வெட்டியிருக்கீங்களா? பாதியில நிக்காது.

எபநேசர் குறுக்க கையை விட்டான். அவன் கையை நீட்டலைன்னா அன்னிக்கு அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இதை நான் கர்த்தர் முன்னால நின்னும் சொல்லுவேன். வலது கை, மணிக்கட்டுக்கு மேல. எலும்பு தெரிஞ்சுச்சு. அவன் கத்தல. "மச்சான்"னு மட்டும் சொன்னான், நான் ஏதோ கேட்டு அதுக்குப் பதில் சொல்ற மாதிரி. அப்புறம் தொட்டி ஓரமா உக்காந்துட்டான்.

ரத்தம் தொட்டியில சொட்டுது தம்பி. அப்பத்தான் பார்த்தேன், தண்ணியில மேலாக மிதக்குது ஒரு தாள். முழுசா. எழுத்தெல்லாம் அப்படியே நிக்குது. தள்ளி உக்காரு மாப்பிள்ளை, பேப்பர்ல படுதுன்னு கத்தினேன். அவன் தள்ளித்தான் உக்காந்தான். நல்லவன்னு சொன்னேன்ல.

ஜீப்பை ஓட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவன் கை அந்தக் கதியில கெடக்கு. நாச்சம்மா எந்திரிச்சு, நெத்தியெல்லாம் ரத்தம், மழையில ஓடுச்சு எஸ்டேட்டுக்கு, டிரைவர் யாரையாச்சும் கூட்டிட்டு வர்றேன்னு. ரெண்டு மைலு. போயிட்டு வர எவ்வளவு நேரமாகும்? அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா? ஊறின காகிதத்துக்கு அரை மணிதான் உசுரு. விட்டா அதுவும் கூழுதான். எபநேசர் தோள்ல துண்டு கெடந்துச்சு, கழுவின வெள்ளைத்துண்டு, கஞ்சி போடாதது, காகிதத்து ஈரத்தை ஒத்தி எடுக்க அதைவிட நல்ல துணி கெடையாது. கையைச் சுத்தலாம்னு அவன் இடது கையால அதை எடுத்தான். நான் வாங்கிக்கிட்டேன். அவனுக்கு நாச்சம்மாவோட பழைய சேலை கெடந்துச்சே கொடியில. கையைச் சுத்த எந்தத் துணியா இருந்தா என்ன? அவனே ஒரு கையாலயும் பல்லாலயும் கட்டிக்கிட்டான்.

எஸ்டேட் டிரைவர் வந்தப்ப தாள் இன்னும் இறுகல. எடுத்தா நடுவுல பிளந்துரும். இருபது நிமிஷம் நில்லுப்பான்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு எபநேசரைத் தூக்கப் போனான். பிடிச்சு ஒரு அறை விட்டேன். நின்னான். இருபதுன்னு சொன்னது நாப்பதாச்சு, ஈரக்காத்து. அப்புறம் ஒரு பலகையில துண்டோட தாளை வச்சு, ஜீப் பின்சீட்டுல சமமா வச்சேன். ஏழு கூடையும் பின்னாலதான். இந்தா, கண்ணாடி அலமாரியில இருக்கே, அதேதான். உலகத்துல வேற யாருகிட்டயும் இது இல்ல. டிரைவர் சொன்னான், அவரைப் படுக்க வைக்கணும், உக்கார வச்சா ரத்தம் நிக்காதுன்னு. படுக்க வைக்கணும்னா பலகையை எங்க வைக்கிறது? மடியில வச்சா ஒவ்வொரு வளைவுக்கும் தாள் நகருமே. எபநேசரே சொன்னான், பரவாயில்ல நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்னு. முப்பது வளைவு வரைக்கும் டிரைவருக்கு வழி சொல்லிக்கிட்டே வந்தான், இங்க மெதுவாப் போ, இங்க பாறை இருக்கும், ஒதுங்கிப் போன்னு. அதுக்கப்புறம் சொல்லல.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில டாக்டர், ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா கையைத் தச்சிருக்கலாம்னார். எல்லா டாக்டரும் சொல்றதுதான். எடுத்துட்டாங்க. போலீஸ்காரர் வந்து கேட்டப்ப எபநேசர், வெறகு வெட்டினேன், அருவா நழுவிருச்சுன்னு சொன்னான். நான் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்ல. அவனா சொன்னான். அதுல இருந்தே தெரியலையா, என் மேல தப்பு இல்லைன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு.

இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கிறான். இடது கையில நம்பர் எழுதப் பழகிட்டான்னு கேள்வி. ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனேன். மலைக்குப் போற பஸ் வந்து திரும்பிச்சு. அவன் டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். சைக்கிள்காரன் ரெண்டு தடவை கூப்பிட்டும் திரும்பல. வேலையில கவனம் வேணாமா?

லீதியாள் ஒரு வருஷம் இந்த வீட்டுப் பக்கம் வரல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நேரா வந்தா. தனியா. இதே நாற்காலியிலதான் உக்காந்தா. காப்பி வேணாம்னா. "அன்னிக்குக் காப்பாத்திட்டு வந்தீங்களே அண்ணே, அந்தத் தாளைக் காட்டுங்க"ன்னா. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல தம்பி. இத்தனை வருஷத்துல என் வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட வாய் திறந்து இப்படிக் கேட்டதில்ல. கை கழுவிட்டு வரச் சொன்னேன். கழுவிட்டு வந்தா.

இதுதான் அந்தத் தாள். ரெண்டு கையாலயும் பிடிங்க. காயம்பட்டவங்க பட்டியல். அந்தக் காலத்துல ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் போடுவாங்க. பேரு, என்ன வேலை, எங்க அடி. அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, வாசிச்சுச் சொல்லுங்கன்னா. நான் நின்னுக்கிட்டே வாசிச்சேன், கோயில்ல வேதபாடம் வாசிக்கிற மாதிரி. அறுபத்திரண்டு பேரு. ஜான் டாக்கர், கொல்லன், இடது கால். ஹைரம் வெப், உழவன், தாடை. வில்லியம் ஆஷ், வண்டிக்காரன், வலது கை எடுத்தாச்சு. அங்க வந்தப்ப நிறுத்திக் கொஞ்சம் தண்ணி குடிச்சேன். அவ ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தா. முடிஞ்சதும், ஆறு பேருக்கு வலது கைன்னா. அவ எண்ணிக்கிட்டு இருந்திருக்கா. நான்கூட எண்ணினதில்ல.

அப்புறம் கேட்டா, "யாரு வெட்டினாங்கன்னு போட்டிருக்கா அண்ணே?"

சண்டையில அதையெல்லாம் யாரும்மா எழுதுவா, பட்டவன் பேரைத்தான் போடுவாங்கன்னேன்.

"அப்ப பட்டியல் இன்னும் முடியல"ன்னு சொல்லிட்டு, பையில இருந்து பேனாவை எடுத்தா. வேதப் புஸ்தகத்துக்குள்ள காணிக்கைக் கவரோட எப்பவும் ஒரு பேனா வச்சிருப்பா. நான் என்னன்னு புரிஞ்சுக்கறதுக்குள்ள குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டா. அச்சுக்குக் கீழ, இந்த வெள்ளை ஓரத்துல. அவசரமே இல்லாம, பள்ளிக்கூடத்துல எழுதற மாதிரி.

பாஞ்சு மணிக்கட்டைப் பிடிச்சேன். முறுக்கினேன். எலும்பு என் விரலுக்குள்ள நகருறது தெரிஞ்சுது. ஒடிச்சுப் போட்டுருவேன்னேன். அவ பேனாவை விடல. தலையை நிமுத்தி என்னைப் பார்த்தா. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல.

"ஒடிங்க அண்ணே. இதுக்குக் கீழ இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கு. என் பேரை நானே எழுதிக்கிறேன், இடது கையால."

விட்டுட்டேன். என்ன செய்யறது? பேனா முனை தாள்ல குத்தி நிக்குது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா குறுக்க கிழிஞ்சிருக்கும். அவ எழுதி முடிச்சா, பேனாவை மூடினா, சேலையைச் சரி பண்ணிக்கிட்டா, போயிட்டா. பதினெட்டு வருஷம் ஆச்சு. ரெண்டு புள்ளைங்களுக்கும் கல்யாணம் ஆயிருச்சாம். எனக்குப் பத்திரிகை வரல. ஒரே அண்ணன். எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்க.

இந்தா, கீழ பாருங்க. வெளிச்சத்துல பிடிங்க. ‘எபநேசர், பஸ் டிரைவர், வலது கை. வெட்டியவர் என் அண்ணன் ரத்தினசாமி.’ நூத்தி அறுபது வருஷத்துத் தாள்ல பால்பாயிண்ட்! எலுமிச்சம்பழம், ஸ்பிரிட்டு, எல்லாத்தையும் வேற துண்டுல பூசிப் பார்த்துட்டேன், போகல. கந்தத்துணிக் காகிதம் இல்லையா, மையை உள்ளுக்கு இழுத்துக்குது. திருப்பிப் பிடிச்சாலும் தெரியுது. வர்றவங்ககிட்ட எல்லாம் இந்த இடத்தைக் கட்டைவிரலால மறைச்சுத்தான் காட்டுறேன். உங்ககிட்ட மறைக்கல, ஏன்னா உங்க மியூசியத்துல இதுக்கெல்லாம் மருந்து வச்சிருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு தம்பி. மேல இருக்கிற அறுபத்திரண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. அந்தக் கடைசி ஆளை மட்டும் எடுத்துரணும்.